சம்பந்தி வீட்டு வெளிச்சம்

செஞ்சி கடைத்தெருவில் அமீர் ஜானின் போட்டோ ஸ்டுடியோவுக்குள் நுழைகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, "சமுத்திரமா, ஏரோப்ளேனா?" என்றுதான். பின்னால் தொங்கும் திரைச்சீலையைச் சொல்கிறார். ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோட்டை நிற்கிறது. அதைப் படத்திலும் பார்க்க ஒருவருக்கும் ஆசை இல்லை. அதனால் அலையடிக்கிற சமுத்திரம் ஒன்று, மேகத்துக்கு நடுவே ஆகாய விமானம் ஒன்று என்று இரண்டே திரைகள் வைத்திருந்தார்.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி, நெட்டை. எதைத் தொட்டாலும் அது அந்த நிமிஷமே நடந்துவிட வேண்டும். நடக்காவிட்டால் முகம் சிவந்து, கையில் இருப்பதை நங்கென்று வைத்துவிட்டு, வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்பா தையற்காரர். மகன்கள் இருவரும் மிஷின் மிதிப்பார்கள் என்று நம்பியிருந்தார். மூத்தவர் ஜகபர் அலி மைக் செட் வாங்கி வாடகைக்கு விடப் போய்விட்டார். அமீர் ஜான் விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்து, வருஷக்கணக்கில் படங்களைத் தண்ணீரில் அலசிப் போட்டே தொழிலைக் கற்றுக்கொண்டார்.

சாகிராவை நிக்காஹ் செய்த கையோடு செஞ்சிக்குத் திரும்பி வந்து கடை போட்டார். கேமரா புதுச்சேரியில் பழைய சாமான் விற்கிற இடத்தில் கிடைத்தது. கப்பலேறிப் போன யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் விட்டுப் போனது. மேலே ஒரு கண், கீழே ஒரு கண். குனிந்து பெட்டிக்குள் பார்த்துத்தான் படமெடுக்க வேண்டும். அதோடு ஒரு பிளாஷும் வந்தது. விசிறிபோல மடங்கி விரியும் வெள்ளி நிறத் தட்டு, அதன் நடுவில் நெல்லிக்காய் அளவில் ஒரு பல்பு. தட்டின் அடியிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு ஒயர் வந்து கேமராவின் பொத்தலில் சொருகிக்கொள்ளும். ஷட்டரை அமுக்கினால் பல்பு பளீரென்று எரிந்து, கொப்புளம் போட்டு, அதோடு செத்துப்போகும். ஒரு படத்துக்கு ஒரு பல்பு.

செஞ்சியில் அன்றைக்கு பிளாஷ் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். சுற்றுவட்டாரத்து விடியற்காலை முகூர்த்தமெல்லாம் அவரைத் தேடி வந்தன. அப்படித்தான் அறுபத்தாறாம் வருஷம் ஆவணியில் சிங்கவரத்துக் கல்யாணமும் வந்தது.

சிங்கவரத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற தனகோட்டி, தன் மகள் ரஞ்சிதத்தைச் சீயமங்கலத்து வீராசாமியின் மகனுக்குக் கொடுத்தார். தாலி கட்டியாகிவிட்டது. பொழுது வெளுத்தும் தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் இன்னும் இருட்டு. எல்லாரும் சேர்ந்து ஒரு குரூப் படம் என்று ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதையாக முதல் பந்தி போட்டார்கள். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் பெண் வீட்டார் முன்னால் இருந்த நாற்காலிகளையெல்லாம் பிடித்துவிட்டார்கள். வீராசாமியும் அவர் ஜனமும் பின்வரிசையில் போய் நின்றார்கள். அமீர் ஜான் குனிந்தார், அமுக்கினார், பல்பு எரிந்தது, எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

படத்தை இருட்டறையில் கழுவி எடுத்துப் பார்த்தார். முன்வரிசை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. நடுவரிசை பரவாயில்லை. பின்வரிசை அடுப்புக் கரி. காகிதத்தை மாற்றிப் பார்த்தார், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். நெகட்டிவில் இல்லாத முகம் காகிதத்தில் எங்கிருந்து வரும்? கண்ணாடி போட்டு இரண்டு வீட்டுக்கும் கொடுத்தனுப்பிவிட்டார்.

தீபாவளி கழிந்த வாரம் தனகோட்டி அதே படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"இன்னா பாய் இது?"

"கல்யாணப் படம்ணே."

"எங்க சம்பந்தி எங்க?"

அமீர் ஜான் விரலை வைத்துக் காட்டினார். விரல் வைத்த இடத்தில் ஒரு தலைப்பாகையும் கொஞ்சம் பல்லும் இருந்தன.

"இதுவா எங்க சம்பந்தி? அவுரு ஊட்ல இத்த செவுத்துப் பக்கமா திருப்பி மாட்டி வெச்சிருந்தாரு. பொண்ணு ஊட்டுக்காரன் தன் ஜனத்த மட்டும் செவப்பா எடுத்துக்கினு எங்கள கரிக்கட்டையாட்டம் போட்டுட்டான்னு ஊரெல்லாம் சொல்றாரு. தல தீவாளிக்கு மாப்ள வரல. எம் பொண்ணயும் அனுப்பல. போய்க் கேட்டா இந்தப் படத்தக் கழட்டி என் கையிலயே குடுத்துட்டாரு."

"அண்ணே, பிளாஷ் வெளிச்சம் கிட்ட நிக்கிறவங்களுக்குத்தான் நல்லா வுழும். தூரம் எட்டாது. நான் வேணும்னு பண்ணல."

"அத்த அவுருகிட்ட போயி சொல்லு. தையில எம் பையனுக்குக் கல்யாணம். கால்ல வுழாத கொறையா கூப்ட்டுட்டு வந்துருக்கறேன். வர்றேன்னுட்டாரு. ஆனா இன்னொரு குரூப்பு எடுக்கணுமாம், அவங்க மூஞ்சி ஒவ்வொண்ணும் தெரியணுமாம். இருட்டாக்குனது நீ. வெளிச்சம் போட்றதும் நீதான்."

படத்தை மேஜைமேல் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

வழி ஒன்றுதான் என்பது அமீர் ஜானுக்குத் தெரியும். இரண்டாவதாக ஒரு பிளாஷ் வேண்டும். அது கேமராவுக்குப் பக்கத்தில் இல்லாமல், பந்தலின் ஓரமாகப் பின்வரிசைக்கு அருகே இருக்க வேண்டும். இங்கே ஷட்டரை அமுக்கும்போது அங்கேயும் அதே நொடியில் எரிய வேண்டும். புதுச்சேரிக்கு பஸ் ஏறிப்போய் இன்னொரு பிளாஷைத் தேடிப்பிடித்தார். கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டுக்கு வந்து ஒயரைச் சொருகினால் உள்ளே போகவில்லை. இதன் முனை தட்டையாக இரண்டு நாக்கு வைத்திருந்தது. கேமராவிலோ மூக்குத்தித் திருகு அளவுக்கு வட்டமாக ஒரே ஒரு பொத்தல். பிளேடால் முனையை நெம்ப ஆரம்பித்தார்.

"புதுசு வாங்கிட்டு வந்தத ஏன் ஒடைக்கிறீங்க?" என்றாள் சாகிரா.

"ஒடைக்கல. ஒட்டப் போறேன்."

ஷட்டர் என்பது உள்ளுக்குள் ஒரு சுவிட்சுதான், இரண்டு பிளாஷின் ஒயரையும் அந்த ஒரே சுவிட்சில் சேர்த்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டார். நல்ல ஒயரை நடுவில் வெட்டுவதற்கு மட்டும் மனசு வரவில்லை. பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். அழைப்பு மணிக்குப் போடுகிற மெல்லிய ஒயரை வாங்கி, வெட்டிய இடத்தில் முறுக்கிச் சேர்த்து, கடையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை இழுத்தார். பல்பை வீணாக்க வேண்டாமென்று முதலில் ஒரு டார்ச் பல்பை அதில் கட்டி, ஒயர் நுனிகளைத் தொட்டுப் பார்த்தார். எரிந்தது. சாகிராவைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுபடியும் எரிந்தது.

நிஜ பல்பைப் போட்டு ஷட்டரை அமுக்கினார். பக்கத்துப் பிளாஷ் எரிந்தது. தூரத்துப் பிளாஷ் ஒன்றுமே நடக்காததுபோல உட்கார்ந்திருந்தது. ஒயரை அசைத்தார், முறுக்கினார், மறுபடி அமுக்கினார். அப்போதும் இல்லை. அடுத்த தடவை எரிந்தது. துள்ளிக் குதித்துப் பிலிமைக் கழுவிப் பார்த்தால் அந்த வெளிச்சம் படத்தில் இல்லவே இல்லை. ஷட்டர் மூடிய பிறகு ஆற அமர எரிந்திருக்கிறது. விருந்தெல்லாம் முடிந்து இலை எடுத்த பிறகு வந்து சேர்ந்த உறவுக்காரனைப் பார்ப்பதுபோல அந்தத் தட்டை முறைத்துப் பார்த்தார்.

பார்க்க வந்த அண்ணன் ஜகபர் அலி ஒயரை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டேய் அமீரு, இது மயிரு கணக்கா இருக்குது. இவ்ளோ தூரத்துக்கு கரண்ட்ட இதுவே தின்னுடும். டார்ச் பல்பு கொஞ்சம் குடுத்தா எரிஞ்சிடும், இது எரியாது. ஷட்டரு கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள தொட்டுட்டு வுட்டுடுது. அதுக்குள்ள மொத்தமா பாயணும். தடி ஒயரு வேணும்."

"உங்கிட்ட இருக்குதே, ஸ்பீக்கர் ஒயரு."

"எலெக்சன்டா. இருக்குற ஒயரெல்லாம் மூணு கட்சிக்காரனும் முன்னாடியே சொல்லி வெச்சிட்டான். வேன் மேல கட்டணும், மேடைல கட்டணும். உனக்கு ஒரு முழம் கெடைக்காது."

அதன் பிறகு இருபது நாள்போல அண்ணன் பின்னாலேயே அலைந்தார். ஜகபர் அலி ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போகிற இடைவெளியில் கையைப் பிடித்துக் கெஞ்சினார். கடைசியில், எலி கடித்து அங்கங்கே தோலுரிந்த பழைய சுருள் ஒன்றை ஜகபர் அலி தூக்கிப் போட்டார். அமீர் ஜான் கடி பட்ட இடங்களுக்கெல்லாம் துணி சுற்றி மெழுகு பூசினார். பிளாஷுக்குள் இருந்த பேனா அளவு செல் பத்தாது என்று, மூங்கிலைத் துண்டு போட்டு ஒவ்வொரு பிளாஷுக்கும் பெரிய டார்ச் செல் நான்கு அடைத்தார். கேமராவில் சொருகும் சின்ன முனையில், அண்ணனின் பற்றவைக்கும் கம்பியைக் காய்ச்சி, ஈயம் உருக்கி ஒட்டினார்.

இரண்டு தட்டிலும் பல்பைச் சொருகிவிட்டு, ஒயர்களை ஒன்றோடொன்று சேர்த்தார். ஷட்டரை இன்னும் தொடவே இல்லை. பட்டென்று இரண்டும் ஒரே சமயத்தில் எரிந்தன. ஒன்று அவர் மூக்குக்கு நேராக.

"யா அல்லா!" என்று சாகிரா உள்ளேயிருந்து ஓடி வந்தபோது அவர் சூடு பட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தார். எங்கே பார்த்தாலும் ஊதா நிறத்தில் ஒரு நிலா மிதந்தது. சாகிராவின் முகத்திலும் மிதந்தது.

"போதுங்க. கண்ணு போயிட்டா அப்பறம் எந்த சம்பந்தி வந்து சோறு போடுவான்?"

எங்கோ ஒயரும் ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, வைத்த ஈயத்தையெல்லாம் சுரண்டினார். ஓரிடத்திலும் ஒட்டவில்லை. திரும்பவும் வைத்தார், திரும்பவும் சேர்த்தார். பட். அன்றைக்கு மூங்கில் குழாயைச் சுவரில் அடித்தார். செல்கள் ஏரோப்ளேன் திரைக்கு அடியில் உருண்டு ஓடின. அப்போது பாஸ்போர்ட் படம் எடுக்க வந்திருந்த ஒரு வாத்தியார், "அப்பறமா வர்றேன் பாய்" என்று மெதுவாக எழுந்து போய்விட்டார். பல வாரமாக ஸ்டுடியோ வேலை இப்படித்தான் நடந்தது. கொடுக்க வேண்டிய படங்கள் கொடுக்காமல் கிடந்தன. பல்பு டப்பா காலியாகிக்கொண்டே வந்தது.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் அது நடந்தது. ஏதோ ஒரு கோபத்தில் இருந்தார். செல்களைத் திரும்பக் குழாயில் திணித்து, எந்த நுனி எதுவென்று பார்க்காமல் இரண்டு ஒயர்களையும் முறுக்கிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒன்றும் எரியவில்லை. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பல்பும் அமைதியாக இருந்தன. கேமராவை எடுத்து ஷட்டரை அமுக்கினார். இரண்டும் சேர்ந்து எரிந்தன.

வேறு இரண்டு பல்பு போட்டு, நுனிகளை முன்பு இருந்ததுபோல மாற்றிச் சேர்த்தார். பட். இப்போது விஷயம் புரிந்தது. இரண்டு குழாயிலும் செல்கள் ஒன்றையொன்று எதிர்த்து நின்றால் சும்மா இருக்கின்றன. ஒன்றின் தலையும் இன்னொன்றின் வாலும் சேர்ந்துவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று பாய்ந்து, ஷட்டரைக் கேட்காமலே பல்பை எரித்துவிடுகின்றன. இத்தனை நாளும் ஒவ்வொரு முறையும் தப்பான பக்கத்தையே சேர்த்து வந்திருக்கிறார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் ஆத்திரம்தான் வந்தது. சாகிராவின் தையல் டப்பாவிலிருந்து சிவப்பு நூலை எடுத்து, சேர வேண்டிய நுனிகளில் அவிழ்க்க முடியாதபடி இறுக்கிக் கட்டினார். மிச்சம் இருந்தவை நான்கே பல்பு. இரண்டு படத்துக்குத்தான் வரும்.

தை மாதக் கடைசியில் சிங்கவரத்தில் தனகோட்டியின் மகன் பொன்னுசாமிக்குக் கல்யாணம். மைக் செட் ஜகபர் அலியினுடையது. "மத்தியானம் கூட்டத்துக்கு அந்த ஒயரும் வேணும், சீக்கிரம் முடி" என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார். அமீர் ஜான் பந்தலின் இடது ஓரத்து மூங்கிலில், ஆள் உயரத்துக்கு மேலே தட்டைக் கட்டினார். ஒயரைப் பாய்க்கு அடியில் விட்டுக் கேமராவரைக்கும் கொண்டுவந்தார்.

இம்முறை தனகோட்டி விவரமாக இருந்தார். சம்பந்தி வீட்டாரை இடது பக்கம், தன் ஜனத்தை வலது பக்கம் என்று சரிபாதியாகப் பிரித்து நிறுத்தினார். முன்வரிசை, பின்வரிசை இரண்டிலும் இரண்டு வீட்டாரும் இருந்தார்கள். வீராசாமி இடது பக்கம் நடு நாயகமாக நின்றார். கட்டுமஸ்தான ஆள், பெரிய மீசை. அமீர் ஜானை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த வாட்டியாவது தெரிவோமா?"

"தெரிவீங்கண்ணே. ஒரு மூஞ்சி வுடாம தெரியும்."

முதல் முறை அமுக்கியபோது பக்கத்துப் பிளாஷ் மட்டும் எரிந்தது. பந்தி பரிமாறப் போன யாருடைய காலோ பாயோடு சேர்த்து ஒயரை இழுத்திருந்தது. நூல் கட்டிய முடிச்சு அப்படியே இருக்க, அதற்குப் பக்கத்தில் ஒயர் அறுந்திருந்தது. "இருங்க இருங்க, யாரும் அசையாதீங்க" என்று கத்திக்கொண்டே ஓடினார். பல்லால் தோலைக் கடித்து உரித்து, கம்பியை முறுக்கினார். வாயில் மெழுகு ருசி. பின்னால் பெண்கள் சிரித்தார்கள். ஒருவர், "இன்னா பாய், கரண்ட்டு திங்கிறியா?" என்றார். எரிந்த பல்பை மாற்றிவிட்டு ஓடிவந்து குனிந்தார். பெட்டிக்குள் இருந்த கண்ணாடியில் மங்கலாக ஒரு கும்பல் தெரிந்தது, அவ்வளவுதான். பந்தல் இருட்டில் யாருடைய மூக்கு எது என்றுகூடச் சொல்ல முடியாது.

"எல்லாரும் நேரா பாருங்க!" என்று சொல்லி அமுக்கினார்.

இரண்டும் எரிந்தன. அவர் அப்படியே நிமிர்ந்து நின்றார். அந்த நிமிஷம் அவருக்கு யாரையாவது கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஜகபர் அலி அதற்குள் ஒயரைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்.

சாயங்காலம் படம் மருந்துத் தண்ணீரில் மெல்ல மெல்லத் தெளிந்தது. வெளிச்சம் அருமையாக விழுந்திருந்தது. பின்வரிசையின் கடைசி ஆளுடைய கன்னத்து மருகூடத் தெரிந்தது. ஆனால் இடது பக்கம் நின்ற அத்தனை பேரும், வீராசாமி தொடங்கி இடுப்புக் குழந்தைவரைக்கும், கேமராவைப் பார்க்கவில்லை. முகவாயைத் தூக்கி, மேலே பக்கவாட்டில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமீர் ஜானுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. மூங்கிலில் பளபளவென்று தொங்கிய தட்டைத்தான் போட்டோ பிடிக்கிற மிஷின் என்று நினைத்திருக்கிறார்கள். குனிந்துகொண்டு பெட்டியைக் குடைந்துகொண்டிருந்த ஆளை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஈரப் படத்தோடு வெளியே வந்து மேஜைமேல் போட்டார். சாகிரா பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"சிரி," என்றார் அவர். "மூணு மாசம்."

கொடுக்காமலே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தார். மூன்றாம் நாள் தாலுகா ஆபீசுக்கு வந்த வீராசாமி நேராக ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் படத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, அமீர் ஜான் திரைச்சீலைப் பக்கமாக ஒதுங்கி நின்றார்.

வீராசாமி படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கவாட்டிலிருந்து வந்த வெளிச்சம் அவருடைய மீசையையும் மூக்கையும் தனித்தனியாகச் செதுக்கி வைத்ததுபோல எடுத்துக் காட்டியது. தூரத்தில் எதையோ பார்க்கிற பார்வை வேறு.

"பாய்," என்றார், குரல் இறங்கி. "எங்க ஜனத்த ராசா கணக்கா எடுத்துட்ட. இதுல ரெண்டு பெருசு போட்டுக் குடு. ஊட்ல மாட்டணும்."

அந்த வாரமே ரஞ்சிதம் புருஷனோடு சிங்கவரத்துக்கு வந்து பத்து நாள் தங்கினாள். அமீர் ஜான் காதுக்கு அது எட்டியது. அப்பாடா என்று மூச்சுவிட்டு, பழைய வேலைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் தனகோட்டி வந்தார். கையில் படம்.

"இன்னா பாய் இது?"

"ஏண்ணே, எல்லா மூஞ்சியும் தெரியுதே."

"தெரியுது. எங்க ஜனத்தப் பாரு. நேரா முழிச்சிக்கினு, போலீஸ் டேசன்ல நிக்க வெச்ச மாரி. எங்க அண்ணன் மூஞ்சியப் பாரு, திருடன் கணக்கா. அவங்கள மட்டும் ஒய்யாரமா திருப்பி நிக்க வெச்சி எடுத்துருக்கற. அவுரு எவ்ளோ குடுத்தாரு?"

"அல்லா மேல ஆணையா ஒண்ணும் குடுக்கலண்ணே. நான் நேரா பாருங்கன்னுதான் சொன்னேன். உங்க ஜனம் சொன்னபடி பாத்துது. அவங்க கேக்கல."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சித்திரையில எம் மூத்த பொண்ணு புள்ளைக்குக் காது குத்து. சம்பந்தி ஜனமும் வருது. அந்தத் தட்டு எங்க பக்கம் இருக்கணும்."

"அப்படி வெச்சா மறுபடியும் அவுரு சண்டைக்கு வருவாரு."

"அது உம் பாடு."

"சரிண்ணே, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தட்டு கட்டிடறேன்."

தனகோட்டி போகத் திரும்பியவர் நின்றார்.

"அப்ப நடுவுல நிக்கறவன் எங்க பாப்பான்?"

அமீர் ஜான் வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொடி கட்டிய வேன் ஒன்று அண்ணனின் ஸ்பீக்கரோடு அலறிக்கொண்டு போயிற்று.

அந்த வருஷத்திலிருந்து செஞ்சிப் பக்கத்தில் அவருக்குத் 'தட்டு பாய்' என்று பெயர் வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பேச வருகிறவர்கள், தட்டு உண்டா, எந்தப் பக்கம் வைப்பீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுவார்கள். இரண்டு வீட்டாரும் தனித்தனியாக வந்து காதோடு சொல்லிவிட்டுப் போனதும் உண்டு. அவர் எல்லாருக்கும் சரி என்பார். அவர்கள் போன பிறகு, சிவப்பு நூல் கட்டிய ஒயரைச் சுருட்டிக்கொண்டே சாகிராவிடம் அலுத்துக்கொள்வார். தட்டு கடையில் விற்கிற தட்டு. எவன் வேண்டுமானாலும் வாங்கலாம். உயிரைக் கொடுத்துச் செய்தது இந்த ஒயர்தான். அதைப் பற்றி இந்த ஊரில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், ஒரு வார்த்தை கேட்டதுண்டா?